முட்டை போடாத கேக்கும் எங்கள் மனையியல் அறையும்

பழைய மாணவிகள் சங்கத்தின் ஒன்றுகூடல் எந்த நாட்டில் நடந்தாலும் அங்கே வெட்டப்படும் கேக் முட்டை சேர்க்காததாகவே இருக்கும். கொழும்பிலும் அப்படித்தான், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அப்படித்தான். மருமக்களோ பிள்ளைகளோ காரணம் கேட்டால், "எங்கடை பள்ளிக்கூடம் சைவப் பள்ளிக்கூடம்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். மற்றப் பாதியில் பேர்மிங்காம் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், இரண்டு உலகப் போர்கள் இருக்கின்றன, எங்கள் சொந்தப் போரும் இருக்கிறது.

பாடசாலையின் கட்டடங்கள், அதிபர்கள், பரீட்சைப் பெறுபேறுகள் பற்றியெல்லாம் இம்மலரில் எழுதப் பலர் உள்ளனர். மனையியல் அறையில் நடந்ததை எழுத ஆள் குறைவு. அங்கே நாம் எழுதிய கொப்பிகளும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது அடையாள அட்டையையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்தோம். மனையியல் கொப்பியை எடுத்தவர் எவரென்று கேட்டால், இதுவரை ஒருவரும் கை உயர்த்தவில்லை. ஆகவே 1990களின் முற்பகுதியில் அந்த அறையில் படித்த நாங்கள் சிலர் கூடிப் பேசி, நினைவில் உள்ளதையும் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்து இதனை எழுதுகிறோம்.

மாற்றைப் பற்றிப் பேசுமுன், கேக்கில் முட்டை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டர் கேக்கின் பழைய கணக்கு எல்லோருக்கும் தெரியும்: மா ஓர் இறாத்தல், பட்டர் ஓர் இறாத்தல், சீனி ஓர் இறாத்தல், முட்டையும் ஓர் இறாத்தல். ஓடு நீங்கலாக ஒரு முட்டை ஏறத்தாழ 50 கிராம் என்றால் ஒன்பது முட்டை வரும். பேக்கிங் பவுடர் என்ற ஒன்று வருவதற்கு முந்திய கணக்கு அது. முட்டையை அடிக்கும்போது அதற்குள் அடைபடும் காற்றுத்தான் கேக்கை எழுப்பியது. அதே முட்டையின் புரதம் சூட்டில் இறுகி, எழும்பிய கேக்கை விழாமல் தாங்கியது. மஞ்சட்கருவிலுள்ள லெசித்தின் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைத்தது. நிறமும் வாசமும் இவற்றுக்கு மேலே. எழுப்புவது, தாங்குவது, இணைப்பது ஆகிய மூன்றையும் ஒரே பொருள் செய்துவிட்டதால், மாற்றுத் தேடிய எவருக்கும் முழு மாற்றுக் கிடைக்கவில்லை. அவரவர் தமக்கு வேண்டிய ஒரு வேலைக்கு மட்டும் ஆள் பிடித்தார்கள். இந்த வரலாறு முழுவதும் அந்த ஆள் பிடித்தல்தான்.

முதலில் தேடப்பட்டது எழுப்பும் வேலைக்கான ஆள். முட்டையை ஒரு மணி நேரம் கையால் அடிப்பது வேலைக்காரர் உள்ள வீட்டுக்குத்தான் சரி. 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிமன்ஸ் வெளியிட்ட சமையற் புத்தகத்தில், விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை மாவில் சேர்க்கும் முறை வந்துவிட்டது. காரமும் புளிப்பும் சேர்ந்தால் வாயு எழும்பும், மா பொங்கும். பிற்பாடு அந்த இடத்தை நாம் அப்பச்சோடா என்று சொல்லும் சோடியம் பைகார்பனேற் பிடித்தது.

பேர்மிங்காமில் மருந்துக் கடை வைத்திருந்த அல்பிரட் பேர்டின் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. அவருடைய மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. ஆங்கிலேய வீட்டில் கஸ்ரட்டும் பாணும் இல்லாமல் என்ன சாப்பாடு? 1837இல் பேர்ட் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்ரட் செய்தார். 1843இல் ஈஸ்ட் இல்லாமல் மாவை எழுப்பும் பேக்கிங் பவுடர் ஒன்றையும் செய்தார். எங்கள் வீட்டு அலுமாரிகளில் இருந்த கஸ்ரட் பவுடர் ரின்னுக்கு மூலம் அந்தப் பெண்மணியின் வயிறுதான். அவருக்கு இருந்தது என்ன நோய் என்று சொல்ல அப்போது ஒரு சொல்கூட இருக்கவில்லை. ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவின் பிள்ளை மருத்துவர் கிளெமன்ஸ் வொன் பிர்க்கே 1906இல்தான் உருவாக்கினார். பெயரில்லாத நோய்க்கு எழுபது ஆண்டு முந்தியே ஒரு கணவர் அடுப்படியில் மருந்து கண்டுபிடித்திருக்கிறார். (கஸ்ரட் என்ற பெயரைக் கேட்டே அதில் முட்டை இருக்கும் என்று விரத நாளில் தொடாமல் விட்ட அம்மம்மாமார் எங்களுக்கு உண்டு. பாவம், அதில் முட்டையே இல்லை.)

எங்கள் பக்கத்தில் இந்தத் தேடலே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்ப மாவைக் கள்ளு புளிக்க வைத்து எழுப்பியது. முட்டை அப்பத்தில்கூட முட்டை மேலே உடைத்து ஊற்றப்படுகிறதே தவிர மாவுக்குள் சேர்வதில்லை. வடைக்கு அரைத்த உழுந்தில் ஒரு சிறு உருண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பதம் என்று ஆச்சிமார் சொன்னது, அடித்த வெண்கருவுக்குள் காற்று நிற்கிறதா என்று பார்க்கும் அதே சோதனை. பனங்காய்ப் பணியாரத்தில் மாவைப் பிடித்து வைப்பது பனங்களியே. எழுப்பவும் பிணைக்கவும் எங்களிடம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கேக் என்பது போத்துக்கேயரோடும் ஒல்லாந்தரோடும் ஆங்கிலேயரோடும் வந்த பண்டம். அது முட்டையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தது. லவ் கேக்குக்கு எத்தனை மஞ்சட்கரு போட்டோம் என்பதே கொழும்பு வீடுகளில் பெருமைக்குரிய பேச்சு.

அடுத்த கட்டத்தை நடத்தியவை போர்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வீடுகளில் 'போர்க் கேக்' என்று ஒன்று பரவியது. முட்டை இல்லை, பால் இல்லை, பட்டர் இல்லை. முந்திரிகை வற்றலைச் சீனியும் கறுவாவும் கராம்பும் கொழுப்பும் சேர்த்துத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறிய பின் மாவும் சோடாவும் சேர்ப்பார்கள். அவிந்த வற்றலின் பாகு ஈரத்தையும் பிடிப்பையும் கொடுத்தது. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போரின்போது ஓர் ஆளுக்குக் கிழமைக்கு ஒரு முட்டை என்ற பங்கீடு வந்தது, அதுவும் கிடைத்தால்தான். அமெரிக்காவிலிருந்து வந்த உலர் முட்டைத் தூள் ஒரு பொதி ஒரு டசின் முட்டைக்குச் சமம் என்று கொடுக்கப்பட்டது. அதை மாற்று என்று சிலர் எழுதுகிறார்கள், எமக்கு உடன்பாடில்லை. தூளானாலும் அது முட்டைதான். உண்மையான மாற்று, தூளும் தீர்ந்த வீட்டில் வினாகிரியும் சோடாவும் சேர்த்துச் செய்த கேக். முட்டைப் பங்கீடு அங்கே 1953 வரை நீடித்தது.

இனி எங்கள் அறைக்கு வருவோம்.

அந்த அறைக்குள் மச்சம் வரக்கூடாது என்பது எழுதாத சட்டம். முட்டையும் மச்சமே. பாடத்திட்டத்தில் கேக் இருந்தது. செய்முறைப் பரீட்சையிலும் இருந்தது. அதனால் எமக்கு முந்திய தலைமுறை ஆசிரியைகள் ரின்பாலையும் தயிரையும் கொண்டு கேக் செய்யப் பழகியிருந்தார்கள். ரின்பாலின் புரதமும் சீனியும் சேர்ந்து தாங்கும் வேலையை ஓரளவு செய்யும். ஒரு கோப்பை தயிருக்கு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா என்பது அவர்கள் சொன்ன கணக்கு. தயிரிலுள்ள லக்ரிக் அமிலத்தின் அளவையும் சோடாவின் அளவையும் பிற்காலத்தில் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஒன்றை ஒன்று ஏறத்தாழச் சரியாகத் தீர்க்கிறது. இரசாயனம் படிக்காத கைகள் அந்த அளவுக்கு நாவால் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இதன் பயன் பாடசாலையோடு நிற்கவில்லை. நல்லூரில் கொடி ஏறினால் 25 நாள் பல வீடுகளில் மச்சம் இல்லை. ஆடி ஆவணியில் பிறந்த பிள்ளைகளின் கதி என்ன? எங்கள் வகுப்பிலேயே அப்படி ஐந்தாறு பேர். மனையியல் படித்த அக்காமார் உள்ள வீடுகளில் அவர்களுக்கும் பிறந்தநாள் கேக் இருந்தது. இன்று திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்து வெதுப்பகங்களில் முட்டை சேர்க்காத கேக்கை எவரும் கேட்டு வாங்கலாம். அன்று கேட்டு வாங்க இடமில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பட்டர், மாஜரின், ரின்பால், வனிலா எல்லாம் போயின. மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே போதாது, அடுப்புக்கு எங்கே? ஊர்க்கோழி முட்டை இருந்தது. ஆனால் அதற்கு வீட்டில் முன்னுரிமை வரிசை ஒன்று இருந்தது: நோயாளி, பிள்ளை பெற்றவள், கைக்குழந்தை, பெரியபிள்ளையானவள். சாமத்தியப்பட்ட எங்களுக்கு நல்லெண்ணெயோடு குடிக்கத் தந்த முட்டைகளை யாரும் கேக்குக்குத் தந்திருக்க மாட்டார்கள். தராமல் விட்டதும் சரியே. சைவத்துக்காகப் பழகிய கேக் அப்போது எல்லோருடைய கேக்குமாயிற்று. வேதக்காரப் பிள்ளைகளின் வீட்டு நத்தார்க் கேக்கும் எங்கள் மனையியல் ரீச்சரின் முறையில் வெந்தது.

அந்த முறை இதுதான். பால் தட்டுப்பாட்டில் தயிர் அருமை; ஆகவே கதலி வாழைப்பழம். நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தோல் கறுக்கும்வரை கனிந்த பழமே வேண்டும், ஏனென்றால் காய்த்தன்மை உள்ள பழத்தில் மாச்சத்து இன்னும் சீனியாக மாறியிருக்காது. புளிப்புக்குத் தேசிக்காய். பட்டருக்குப் பதில் தேங்காயெண்ணெய். வனிலாவுக்குப் பதில் ஏலக்காய். மா சங்கக்கடையில் வரும்போது வரும். மாவை அரித்து, வண்டை எடுத்து, வெயிலில் காயவைத்து வைத்திருப்போம். அவண் இல்லாதபடியால் பெரிய அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, கீழேயும் மூடிமேலும் சிரட்டைக்கரித் தணல் போடுவோம்.

இதில் ரீச்சர் விட்டுக்கொடுக்காத ஒரு விதி இருந்தது. "பிள்ளையள், தணல் பிடிச்சிட்டுதோ எண்டு பாத்திட்டுப் புளியை விடுங்கோ" என்பார். சோடா உள்ள கலவையில் தேசிக்காய்ப் புளி விழுந்த கணத்திலிருந்தே வாயு வெளியேறத் தொடங்கும். சட்டி சூடாகுமுன் கலந்தால், கேக் வேகுமுன் காற்றுப் போய்விடும். தாங்கிப் பிடிக்க முட்டைப் புரதமும் அங்கே இல்லை. முட்டைக் கேக்குக்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. இதற்கு இல்லை. கலந்த உடனே உள்ளே போக வேண்டும். சில நாட்களில் கலவை ஆயத்தமாக இருக்கும்போது ஹெலியின் சத்தம் கேட்கும். பங்கருக்கு ஓடுமுன் ஒருத்தி கேக்கைச் சட்டிக்குள் தள்ளி மூடிவிட்டே வருவாள். யாரும் அவளை ஏசியதாக நினைவில்லை.

வட்டிலப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது முட்டையால் எழும்பும் பண்டமல்ல, முட்டையால் இறுகும் பண்டம். வாழைப்பழமும் சோடாவும் அதற்கு உதவா. எங்கள் வகுப்பில் முஸ்லிம் தோழிகள் இருவர் இருந்தனர். பெருநாளுக்கு அவர்களுள் ஒருத்தியின் தாயார் இரண்டு வட்டிலப்பம் செய்து அனுப்புவார். ஒன்று அவர்களது வழமையான முறையில் முட்டையோடு. அது வேதக்காரப் பிள்ளைகளுக்கும் மச்சம் உண்பவர்களுக்கும். மற்றது முட்டைக்குப் பதில் சைனா கிராஸ் போட்டது, விரதக்காரப் பிள்ளைகளுக்கு. அதை மதிலுக்கு வெளியே ஆலடியில் வைத்துப் பங்கிடுவோம். முட்டை சூட்டில் இறுகும். சைனா கிராஸோ சூட்டில் கரைந்து, ஆறும்போது இறுகும். ஆகவே அதை ஆவியில் அவிக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பாலில் கித்துள் கருப்பட்டியைக் கரைத்துச் சூடாக்கி, தண்ணீரில் காய்ச்சிக் கரைத்த சைனா கிராஸைச் சேர்த்து ஆறவிட்டால் போதும். தம் வீட்டுப் பெருநாளில், தமக்கு எந்தத் தடையும் இல்லாத ஓர் உணவை, எங்களுக்காக வேறொரு விதமாகவும் செய்து அனுப்பிய அந்தத் தாயை நினைக்காமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். தோழிகள் இருவரும் அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே திகதியில், நாங்களும் நடந்தோம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் சகோதரிகளுக்குப் புதிய ஆட்கள் கிடைத்தார்கள். ஆளி விதைத் தூள் ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் முட்டைபோல் வழுவழுப்பாகும். பிணைக்கும், எழுப்பாது, பிஸ்கற்றுக்கு நல்லது, ஸ்பொஞ்சுக்கு ஆகாது. அதைவிட வியப்பானது கடலைத் தண்ணீர். 2014இல் ஜோயல் ரோஸல் என்ற பிரெஞ்சுப் பாடகர், அவரை வகைகளை அவித்த தண்ணீரை அடித்தால் வெண்கருபோல் நுரைக்கும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதற்கு 'அக்வாபாபா' என்று பெயர் வைத்தார். இலத்தீனில் தண்ணீர், அவரை, அவ்வளவுதான் பொருள். கட்டியாக வற்றிய தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்கு ஈடு. வாணி விழாவுக்குக் கிடாரம் கிடாரமாகக் கடலை அவித்து, அந்தத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிய பாடசாலை எங்களுடையது. வாழைக்கு அது நல்லதுதான், கதலிப்பழம் கேக்குக்கு வந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

எங்களுள் வைத்தியத்துறைக்கு வந்தவர்கள் கிளினிக்கில் காணும் சிலவற்றையும் சொல்லி வைக்கிறோம். முதலாவது, கடைப் பொதியில் 'முட்டை மாற்று' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதெல்லாம் முட்டை இல்லாதது அல்ல. 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் கிழமைக்கு மூன்று மஞ்சட்கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. அதன்பின் 1970களில் சந்தைக்கு வந்த மாற்றுகள் பல வெண்கருவால் செய்யப்பட்டவை. கொலஸ்ரரோலுக்காக வந்தவை, ஒவ்வாமைக்காக அல்ல. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவை ஆபத்து. பொதியின் முகப்பைப் பார்க்காமல் பின்பக்கத்து உள்ளடக்கத்தைப் படியுங்கள். இவ்வொவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர மாறும். நன்றாக வெந்த கேக்கிலுள்ள முட்டையைப் பலர் முதலிலேயே தாங்குவர். ஆனால் அதை வீட்டில் கொடுத்துச் சோதிக்கக் கூடாது, வைத்தியர் முன்னிலையில் செய்ய வேண்டும். முட்டை ஒவ்வாமையைக் காரணம் காட்டிச் சின்னமுத்துத் தடுப்பூசியை நிறுத்தவும் வேண்டாம், அது தடையல்ல.

இன்னொன்று. கேக்கில் முட்டையின் வேலையை வாழைப்பழம் செய்யும், உடம்பில் செய்யாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் வைற்றமின் பி12உம் உண்டு. ஆளி விதையிலோ கடலைத் தண்ணீரிலோ பி12 இல்லை. சுத்த சைவமாக வாழும் சகோதரிகள் பாலையும் தயிரையும் விடாதிருப்பது நல்லது. அவற்றையும் விட்டவர்கள் பி12 குளிசையைப் பற்றித் தம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பிரஷரும் சிறுநீரக வருத்தமும் உள்ளவர்கள் கேக்குத் துண்டை அளவோடு எடுங்கள்.

2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது முட்டை மீண்டும் அருமையான பொருளானது. அந்த ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசு உச்ச விலை விதித்தது. 2023இல் வெதுப்பகங்களுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்கப்பட்டது. ஊரிலிருந்து தோழிகள் தொலைபேசியில் ரீச்சரின் கேக் முறையைக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். ஒருவருக்கு மாவின் அளவு நினைவு, மற்றவருக்குப் புளியின் அளவு. மூன்று நாட்டு அடுப்படிகளில் செய்து பார்த்து நாங்கள் ஒத்துக்கொண்ட அளவு இது: கோதுமை மா ஒன்றரைக் கோப்பை, சீனி முக்கால் கோப்பை, மசித்த கதலி முக்கால் கோப்பை, தேங்காயெண்ணெய் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு, மோர் கால் கோப்பை, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் நான்கு, கடைசியாகத் தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி. 180 பாகை செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். அவண் முன்கூட்டியே சூடாகியிருக்க வேண்டும்.

வட்டிலப்பத்தின் அளவை, இப்போது புத்தளத்தில் வாழும் தோழி தன் தாயாரிடம் கேட்டுச் சொன்னார்: ஒரு லீற்றர் தேங்காய்ப்பாலுக்குச் சைனா கிராஸ் 10 கிராம், அதைக் கரைக்கத் தண்ணீர் ஒரு கோப்பை. தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது; அளவு மறக்கவில்லை. எங்கள் மனையியல் கொப்பியின் ஒரு தாளாவது யாரிடமேனும் எஞ்சியிருந்தால், அதைப் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். எண்ணெய்க் கறை இருந்தாலும் பரவாயில்லை.